மைத்திரேயி கேட்ட பங்கு



எல்லாம் வல்ல முருகப் பெருமானின் திருவடிகளை வணங்கி, உபநிடதக் கதை ஒன்றினை இவ்விதழில் உங்களுடன் சேர்ந்து சிந்திக்க விழைகின்றோம். கதை மிகப் பழையது. ஆயினும் பரமட்டாவிலும் வெஸ்ட்மீட்டிலும் வென்ற்வேர்த்வில்லிலும் உள்ள எமது வீடுகள் பலவற்றுக்கு அது இன்றும் பொருந்துகின்றது.

பிருகதாரணியக உபநிடதத்திலே யாக்ஞவல்க்கியர் என்னும் முனிவர் வருகின்றார். அவர் பெரும் ஆசிரியர். சனக மன்னனின் வேள்விச் சபையில் கூடியிருந்த அறிஞர்களை வாதில் வென்று, ஆயிரம் பசுக்களைப் பரிசாகப் பெற்றவர். அவருக்கும் இல்லறத்தை விட்டுப் புறப்படும் காலம் வந்தது. மைத்திரேயி, காத்தியாயனி என மனைவியர் இருவர். புறப்படுமுன் உள்ள சொத்தை இருவருக்கும் பிரித்துக் கொடுத்துவிடுவதாக அவர் கூறுகின்றார். பொறுப்புள்ள குடும்பத் தலைவர் செய்ய வேண்டியதும் அதுவே.

அப்பொழுது மைத்திரேயி கேட்கின்றாள்: பூமி முழுவதும் செல்வத்தோடு என் கைக்கு வந்தால் நான் சாவைக் கடந்துவிடுவேனா? இல்லை, வசதி உள்ளவர் வாழ்வது போல வாழலாம், அவ்வளவே என்கின்றார் முனிவர். அப்படியானால் அந்தப் பங்கு எனக்கு வேண்டாம், நீங்கள் அறிந்திருப்பதைச் சொல்லுங்கள் என்கின்றாள் அவள். முனிவர் மனம் மகிழ்ந்து அவளை அருகில் இருத்திப் பேசத் தொடங்குகின்றார். ஆன்மாவைப் பற்றிய உயர்ந்த உபதேசங்களுள் ஒன்று இவ்விதமாகவே எமக்குக் கிடைத்தது.

இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். யாக்ஞவல்க்கியர் தாமாக அதைச் சொல்ல வரவில்லை. அவர் காணி பூமியைப் பிரிக்கவே வந்தார். மைத்திரேயி கேளாதிருந்தால் சொத்து இரண்டாகப் பிரிந்திருக்கும், முனிவர் காட்டுக்குப் போயிருப்பார், அவர் அறிந்திருந்ததும் அவரோடு போயிருக்கும்.

எமது வீடுகளில் நடப்பது என்ன?

யாழ்ப்பாணம், பேராதனை, கொழும்பு, மட்டக்களப்புப் பல்கலைக்கழகங்களிலே பணியாற்றி இளைப்பாறிய பெரியோர் பலர் எம்மிடையே வாழ்கின்றனர். பேராசிரியர், விரிவுரையாளர் மாத்திரமல்லர்; நூலகர், பதிவாளர் அலுவலகத்தார், ஆய்வுகூட உதவியாளர் என்போரும் உளர். இந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பணி முடித்தோரும் உளர். பிள்ளைகள் அழைத்து வந்தனர். பேரப்பிள்ளைகளைப் பாடசாலைக்குக் கூட்டிச் செல்வதும் கூட்டி வருவதுமாக நாட்கள் கழிகின்றன. வெள்ளிக்கிழமை பூசைக்கு வருவார்கள். "ஐயா, சுகமே?" என்போம். "இருக்கிறன் தம்பி" என்பார்கள். அடுத்த கேள்வி எமக்கு வருவதில்லை. பிரசாதத்தை வாங்கிக்கொண்டு கார் நிற்கும் இடத்துக்கு நடந்துவிடுகின்றோம்.

வீட்டை யார் பெயருக்கு எழுதுவது, சுப்பரனுவேஷன் பணம் யாருக்குச் சேர வேண்டும், ஊர்க் காணி உறுதி எங்கே இருக்கின்றது என்பனவற்றையெல்லாம் அவர்களிடம் கேட்கின்றோம். கேட்க வேண்டியவைதான். கணக்காளராகிய நாம் அவற்றை வேண்டாமென்று சொல்ல மாட்டோம். ஆனால் காத்தியாயனியின் பங்கை மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்கின்றோம். மைத்திரேயியின் பங்கைக் கேட்பார் இல்லை.

கணக்கியலில் ஒரு விதி உண்டு. இயந்திரத்துக்கும் வாகனத்துக்கும் ஆண்டுதோறும் பெறுமானத் தேய்வு கழிப்போம். ஆனால் ஒரு தொழில் பல்லாண்டு உழைத்துத் தானே வளர்த்துக்கொண்ட நன்மதிப்பை அதன் ஐந்தொகையில் சொத்தாகக் காட்ட முடியாது. இன்னொருவர் வந்து விலை பேசி அத்தொழிலை வாங்கும்போதுதான் அந்த நன்மதிப்புக்கு ஒரு தொகை எழுதப்படுகின்றது. இளைப்பாறிய பெரியோரின் கல்வியும் அவ்வாறானதே. அது இருக்கின்றது, தேயவும் இல்லை. ஆனால் கேட்பவர் ஒருவர் வரும்வரை எந்தப் பேரேட்டிலும் அது ஏறுவதில்லை.

முனிவர்க்குரிய கடன்

மனிதன் மூன்று கடன்களோடு பிறக்கின்றான் என்று எமது சாத்திரங்கள் கூறும். தேவர்க்குரிய கடன் வழிபாட்டினால் தீரும். பிதிரர்க்குரிய கடன் சந்ததியினால் தீரும். முனிவர்க்குரிய கடன் கற்பதாலும் கற்பிப்பதாலும் மாத்திரமே தீரும். முதலிரண்டையும் நாம் ஓரளவு கவனித்து வருகின்றோம். ஆலயம் எழுப்பினோம், பிள்ளைகளை வளர்த்தோம். மூன்றாவது கடனுக்கு இளைப்பாறும் வயதென்று ஒன்று விதிக்கப்படவில்லை. பல்கலைக்கழகம் இளைப்பாற்றுச் சம்பளம் கொடுத்து அனுப்பிவிட்டதென்பதால் முனிவர் கணக்கு மூடப்பட்டுவிடாது.

வானப்பிரத்தம் என்றால் காட்டுக்குப் போய்ச் சும்மா இருத்தல் என்று சிலர் எண்ணுகின்றனர். ஆரணியகம் என்ற சொல்லின் பொருளே காட்டோடு சேர்ந்த நூல் என்பதுதான். வீட்டுக் கடமை குறைந்தவர்களும் அவர்களைத் தேடிச் சென்றவர்களும் காட்டில் அமர்ந்து சிந்தித்ததன் பலனாகவே அந்நூல்களை மரபு போற்றுகின்றது. தட்சிணாமூர்த்தி சந்நிதியில் நின்று பாருங்கள். கல்லாலின் கீழ் இருக்கும் குரு இளையவர். காலடியில் அமர்ந்து கேட்கும் சனகாதி முனிவர் நால்வரும் முதியவர்கள். முதுமை கல்வியின் முடிவன்று என்பதை எமது முன்னோர் கல்லிலே செதுக்கி வைத்திருக்கின்றனர்.

இளைப்பாறிய பின் எழுந்தவை

இதற்குச் சான்றாக மூவரை நினைவுகூர்வோம்.

முதலாமவர் உ. வே. சாமிநாதையர். 1855இல் பிறந்த அவர் கும்பகோணம் கல்லூரியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் தமிழாசிரியராக இருந்து 1919இல் இளைப்பாறினார். அப்போது அவருக்கு வயது 64. அதன் பின்னரே 1924இல் பெருங்கதையைப் பதிப்பித்தார். அதே ஆண்டு சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைமையை ஏற்று 1927வரை நடத்தினார். 1937இல், 82ஆம் வயதில், குறுந்தொகையை வெளியிட்டார். 1940இல் ஆனந்த விகடனில் தமது வாழ்க்கை வரலாற்றை வாரந்தோறும் எழுதத் தொடங்கி, 1942இல் மறையும்வரை எழுதினார். அது முற்றுப்பெறவில்லை, ஆயினும் அந்தக் காலத்துத் தமிழ்க் கல்வி எப்படி இருந்தது என்பதை இன்று அதிலிருந்தே அறிகின்றோம்.

இன்னொன்றையும் அவர் இளைப்பாறிய பின்னரே செய்தார். தமது குருவாகிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876இல் காலமானார். அவரது சரித்திரத்தை 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகமாக எழுதி வெளியிட்டார். ஐம்பத்தேழு ஆண்டுகளின் பின்னர் தீர்க்கப்பட்ட முனிவர் கடன் அது.

அவரது வாழ்க்கையைத் திருப்பியதும் ஒரு கேள்வியே. 1880இல் கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியார், நீர் என்னென்ன படித்திருக்கிறீர் என்று கேட்டார். சாமிநாதையர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் என்று அடுக்கினார். முதலியார் அதனால் திருப்தி அடையாமல், சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்றார். அந்தக் கேள்வியின் பலனாக 1887இல் சிந்தாமணி அச்சேறியது. பின்னர் மற்றைய பழந்தமிழ் நூல்களும் தொடர்ந்தன. சைவச் சூழலில் வளர்ந்த பண்டிதராகிய அவர், சமண நூலாகிய சிந்தாமணியை விளங்கிக்கொள்ளக் கும்பகோணத்துச் சமணர்களின் வீடுதேடிச் சென்று கேட்டறிந்தார். தாமும் கேட்கத் தெரிந்தவரே பிறர் கேட்கக்கூடியவராக நிலைத்தார்.

இரண்டாமவர் எமது மண்ணின் பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை. 1899இல் மட்டுவிலில் பிறந்த அவர் திருநெல்வேலிச் சைவாசிரிய கலாசாலையில் ஆசிரியர்களுக்கே ஆசிரியராக இருந்து 1959இல் இளைப்பாறினார். கந்தபுராணம் தட்சகாண்டத்துக்கு அவர் எழுதிய உரை 1967இல் வெளிவந்தது. யாழ்ப்பாணத்தாரின் வாழ்வைக் கந்தபுராண கலாசாரம் என்று நாம் குறிப்பிடுவது அவரது எழுத்தின் வழி வந்த வழக்கம். 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அவருக்கு இலக்கிய கலாநிதிப் பட்டம் வழங்கியது. 1986இல் அவர் சிவபதம் அடைந்தார். அவருக்கு மனைவி மக்கள் இல்லை. ஆனால் கலாசாலை வீதியில் அவர் இருந்த இடத்துக்குக் கேட்பதற்கு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

மூன்றாமவர் இந்நாட்டில் வாழ்ந்தவர். பேராசிரியர் சி. ஜே. எலியேசர் 1918இல் பிறந்தார். கேம்பிரிட்ஜில் டிராக்கின் கீழ் ஆராய்ச்சி செய்த கணிதவியலாளர். இலங்கையிலும் மலாயாவிலும் பேராசிரியராக இருந்து 1968இல் மெல்பேண் லா ட்ரோப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். 1983இல் ஆடிக் கலவரம் எமது மக்களைச் சிதறடித்தது. அந்தக் காலத்தில் அவர் பல்கலைக்கழகப் பணியின் இறுதிக் கட்டத்தை அடைந்திருந்தார். ஓய்வு எடுப்பதற்கு அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. அவரோ மெல்பேணில் தமிழ்ச் சங்கப் பணிகளில் இறங்கி, இந்நாட்டுத் தமிழ் அமைப்புகளை ஒன்றிணைத்து, அகதிகளின் நிலையை அரசியல்வாதிகளுக்கும் பத்திரிகைகளுக்கும் எடுத்துரைத்தார். 1996இல் அவுஸ்திரேலிய அரசின் விருதும் கிடைத்தது. 2001இல் மறையும்வரை அந்தப் பணி ஓயவில்லை. அவர் எமது சமயத்தவர் அல்லர். ஆயினும் கற்றோர் கடன் எதுவென்பதை எமக்கு அருகிலிருந்து காட்டியவர்.

இம்மூவரிடமும் ஒரு பொதுமை உண்டு. பதவி போனபின் ஒவ்வொருவரையும் எவரோ தேடினர். ஒருவருக்காக ஒரு பத்திரிகை வாராவாரம் பக்கம் ஒதுக்கிக் காத்திருந்தது. ஒருவர் வீட்டுக்கு மாணாக்கர் வந்தனர். ஒருவர் முன் உயிர் தப்பி வந்த ஒரு சமூகமே நின்றது.

எமக்கு ஏன் இது அவசரம்?

வேறு சமூகத்தவரின் பெரியோர் எழுதாது போனாலும் அவர்களுடைய நூலகங்கள் மிஞ்சும். எமது நிலை அதுவன்று. 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது 97,000 வரையான நூல்கள் அழிந்தன. பன்மொழிப் புலவர் தாவீது அடிகள் அந்தத் தீயைக் கண்ட அதிர்ச்சியில் உயிர் நீத்தார். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே வீதியில் இறங்கியபோது எத்தனை பேராசிரியர்களின் ஆய்வுக் குறிப்புகள் அலுமாரிகளோடு விடப்பட்டன என்பதை எவரும் எண்ணவில்லை. எம்மில் பலர் சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் கட்டி இடப்பெயர்வுதோறும் சுமந்தோம். சான்றிதழைச் சுமக்க முடிந்தது. கற்பித்தவரின் நூலறையைச் சுமக்க எவராலும் முடியவில்லை.

ஆகவே எரிந்தவற்றிலும் கைவிடப்பட்டவற்றிலும் ஒரு பகுதி இன்று எமது பெரியோரின் நினைவில் மாத்திரமே உள்ளது. மின்சாரம் இல்லாத தொண்ணூறுகளில் ஜாம் போத்தல் விளக்கில் எப்படிப் பரீட்சை நடத்தினார்கள்? தடை செய்யப்பட்ட பொருட்கள் இன்றி ஆய்வுகூடத்தை எப்படி ஓட்டினார்கள்? திருநெல்வேலி வளாகத்தினுள் இருக்கும் பரமேசுவரன் ஆலயத்தில் அந்நாட்களில் பூசை எப்படி நடந்தது? இவற்றை அறிந்தவர் இன்று பரமட்டாவில் ஒரு வீட்டின் பின் அறையில் இருக்கக்கூடும். அவரையும் இழக்க இன்னொரு தீ வேண்டியதில்லை. நாம் கேளாதிருந்தாலே போதும்.

நாம் வாழும் இந்த மண்ணும் இதையே கூறுகின்றது. பரமட்டா என்ற பெயரே இங்கு வாழ்ந்த தாருக் மக்களின் பரமட்டகல் என்னும் குலத்தாரிடமிருந்து வந்தது. விலாங்கு மீன் வாழும் இடம் என்பது அதன் பொருள். இந்நாட்டில் எந்தக் கூட்டம் தொடங்கினும் அம்மண்ணின் மூத்தோருக்கு மரியாதை செலுத்தியே தொடங்குகின்றனர். ஏட்டில் எழுதாமல் மூத்தோரின் வாயிலும் இளையோரின் செவியிலும் தமது அறிவைப் பல்லாயிரம் ஆண்டு காத்த மக்கள் அவர்கள். அந்த வார்த்தைகளுக்கு எழுந்து நிற்கும் நாம், எமது மூத்தோரிடம் கேட்பதை மறக்கலாமா?

பெரியோருக்கு ஒரு விண்ணப்பம்

ஐயாமாரே, அம்மாமாரே, பிழை முழுவதும் இளையோருடையது என்று நாம் கூற வரவில்லை.

யாரும் கேட்கவில்லை என்று மனம் நொந்து இருப்பதைவிட நீங்கள் ஒருவரை ஒருவர் கேட்கலாம். 1973இல் பிரான்சின் துலூஸ் நகரில் மூன்றாம் பருவப் பல்கலைக்கழகம் என்ற ஒரு முயற்சி தொடங்கியது. பின்னர் இங்கிலாந்தில் அது வேறு வடிவம் பெற்றது: இளைப்பாறியோரே கற்பிப்பர், இளைப்பாறியோரே கற்பர், பரீட்சையும் இல்லை, பட்டமும் இல்லை. அந்த வடிவமே 1984இல் மெல்பேணுக்கு வந்து இந்நாடெங்கும் பரவியது. இன்று வரலாறு கற்பிப்பவர் நாளை ஓவியம் கற்க வந்து கடைசி வரிசையில் அமர்வார். இதைத் தமிழில் செய்ய எமக்குத் தேவையானவை ஒரு மண்டபமும் நாலு கதிரையும் ஒரு போத்தல் தேநீரும்தான். வாகனம் ஓட்டுவதை விட்டவர்களும் வரலாம். தங்க நிற ஓப்பல் அட்டை பெற உரித்துடையோருக்கு ஒரு நாட் பயணம் முழுவதற்கும் 2.50 டொலருக்கு மேல் ஆகாது. 2024 டிசம்பர் முதல் வெஸ்ட்மீட்டிலிருந்து பரமட்டா ஊடாகக் கார்லிங்போர்ட்வரை இலகு ரயிலும் ஓடுகின்றது.

அடுத்து, இளையோரிடம் கற்கக் கூச வேண்டாம். சுவாமிமலையிலே பிரணவத்தின் பொருளை மகன் சொல்ல, உலகுக்கெல்லாம் தந்தையாகிய சிவபெருமான் சீடராகிக் கேட்டார். அந்தத் தலத்தின் பெருமையே அதுதான். பேரன் கைத்தொலைபேசியில் முகம் பார்த்துக் கதைக்கக் காட்டித் தந்தால், கண்டியிலும் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கும் பழைய சக விரிவுரையாளர்களுடன் மாதம் ஒருமுறை ஒன்றுகூடலாம். பேரனிடம் ஒரு பாடம் கேட்டவருக்கு அவன் செவி தானாகத் திறக்கும். ஆனால் அவன் தமிழை ஒவ்வொரு சொல்லிலும் திருத்தினால் அவன் அடுத்த முறை வாய் திறக்க மாட்டான். திருத்துவதைச் சற்றுத் தள்ளிவைத்துச் சொல்வதை முதலில் சொல்லுங்கள்.

மேலும், படைப்பு என்றவுடன் பெரிய நூலை எண்ணி மலைக்க வேண்டாம். ஊரில் வளர்ந்த மூலிகைகளின் பெயர்ப் பட்டியல் ஒரு படைப்பு. நீங்கள் கற்பித்த பாடத்துக்கு நீங்களே ஆக்கிய கலைச்சொற்களின் நிரல் ஒரு படைப்பு. எச்.எஸ்.சி. பரீட்சைக்குத் தமிழையோ கணிதத்தையோ படிக்கும் பேத்திக்கு எழுதிக் கொடுக்கும் இரண்டு பக்கக் குறிப்பும் படைப்பே. வீட்டில் பழைய நூலோ, மலரோ, சஞ்சிகையோ இருந்தால் அதனை 2005 முதல் இயங்கும் நூலகம் என்னும் எண்ணிம நூலகத்துக்கு வழங்கலாம். எரிந்த நூலகத்தின் அலுமாரிகளில் ஒன்றை அவ்விதம் நாமே மீண்டும் நிரப்புகின்றோம்.

அதே வேளை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். போரிலே பிள்ளையை இழந்தவர், கேட்டாலும் சொல்ல மனம் வராதவர் எம்மிடையே உளர். அவர்களின் மௌனத்தை எவரும் உடைக்கத் துணிதல் ஆகாது. அவர்கள் அருகே சென்று அமர்வதே போதுமானது. தட்சிணாமூர்த்தியின் உபதேசமும் மௌனத்தில் நடந்ததுதான்.

இளையோருக்கு ஒரு விண்ணப்பம்

வேலையும் வீட்டுக் கடனும் பிள்ளைகளின் வகுப்புகளும் எம்மை விழுங்குகின்றன என்பது உண்மையே. ஆனால் கேட்பதற்கு அதிக நேரம் ஆவதில்லை. வாரத்துக்கு ஒரு கேள்வி போதும். அதுவும் நல்ல கேள்வியாக இருத்தல் வேண்டும். சாப்பிட்டீர்களா, மருந்து எடுத்தீர்களா என்பவை அன்பான கேள்விகள்; ஆனால் அவற்றுக்கு ஒரு சொல்லில் பதில் முடிந்துவிடும். நீங்கள் கற்பித்த முதல் வகுப்பில் என்ன பாடம்? உங்கள் ஆசிரியரிடம் நீங்கள் கற்றதில் இன்னும் யாருக்கும் சொல்லாதது எது? எழுதத் தொடங்கி முடிக்காமல் விட்டது என்ன? இப்படிக் கேளுங்கள். அவருடைய சம்மதத்துடன் கைத்தொலைபேசியின் ஒலிப்பதிவை அழுத்தி மேசையில் வையுங்கள். பெயரையும் திகதியையும் ஊரையும் மறவாமல் குறித்துக்கொள்ளுங்கள். திகதி இல்லாத பதிவு பற்றுச்சீட்டு இல்லாத செலவைப் போன்றது.

யாழ்ப்பாணத்தில், இளைப்பாறிய பின்னும் மதிப்புக்குரிய பேராசிரியரைத் தகைசார் பேராசிரியர் என்று அழைப்பது வழக்கம். பல்கலைக்கழகம் வழங்கும் தகைமை அது. எமது ஆலய மண்டபத்துக்கு மூதவை தேவையில்லை. ஒரு சிறுமி பாயை விரித்து ஒரு தாத்தாவின் முன் அமர்ந்து, சொல்லுங்கள் என்றால், அங்கேயே அவருக்கு அந்தத் தகைமை கிடைத்துவிடுகின்றது.

அடுத்த வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் கார்த் திறப்பைக் கையில் எடுக்குமுன், தூணோரம் இருக்கும் ஒரு பெரியவரிடம் "ஐயா, சுகமே?" என்பதற்கு அடுத்த கேள்வியையும் கேட்போம். காத்தியாயனியின் பங்கு வீட்டுக்குத் தேவை. அது எப்படியும் வந்து சேரும். மைத்திரேயியின் பங்கு கேட்டால் மாத்திரமே கிடைக்கும்.

தந்தைக்கே குருவான குமரன், சொல்வோருக்குச் சொல்லும் வலிமையையும் கேட்போருக்குப் பொறுமையையும் அருள்வானாக.

சுபம்.